மூணு நூல் போல்ட்

இந்தப் போகிக்குப் பரணை ஒழித்தபோது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கீழே வந்தது. பழைய கண்ணாடிப் பாட்டில், தகர மூடி. உள்ளே பாதி அளவுக்கு போல்ட், நட்டு, வாஷர். "பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டா ரெண்டு கிலோ தேறும், எதுக்கு இன்னும்?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். பதில் சொல்ல நேரமாகும் என்பதால் "இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். அந்த நீளமான பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

1974 முதல் 2009 வரை, 35 வருஷம், திருச்சியில் ஒரு வாகன விற்பனை நிறுவனத்தின் ஸ்பேர் பார்ட்ஸ் பிரிவில் இருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். காரணம் கடைசியில் தெரியும். ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி தினமும் போய் வந்த உத்தியோகம். (நான் சேர்ந்தபோது பழைய பாலம்தான். புதுப் பாலம் 1976-ல் திறந்தது.) பார்ட்ஸ் பிரிவு என்றால் கியர்பாக்ஸ், ரேடியேட்டர், கிராங்க் ஷாஃப்ட் என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள். அவை எண்ணிக்கையில் கொஞ்சம். அலமாரியில் தொலையாது, எலி இழுத்துக்கொண்டு போகாது. எங்கள் உயிரை வாங்கியவை சின்னச் சாமான்கள்: போல்ட், நட்டு, ஸ்பிரிங் வாஷர், காட்டர் பின், சர்க்ளிப், கிரீஸ் நிப்பிள், செப்பு வாஷர், பியூஸ், இரண்டு விரலுக்குள் அடங்கும் பல்பு. என் பொறுப்பில் மட்டும் நானூறு டப்பாவுக்கு மேல்.

இளைய தலைமுறைக்கு முதலில் 'நூல்' என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். தச்சரும் கொத்தனாரும் மெக்கானிக்கும் நம் ஊரில் ஒரு அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்தார்கள். கால் அங்குலம் இரண்டு நூல். அரை அங்குலம் நாலு நூல். எட்டில் மூன்று பாகம், மூணு நூல். பதினாறில் ஐந்து என்றால் ரெண்டரை நூல். கவுண்டருக்கு வரும் கிளீனர் பையன் "சார், மூணு நூல் போல்ட்டு, ஒன்றரை இஞ்ச்சு நீளம், பத்து குடுங்க" என்பான். அளவு சரியாகத்தான் சொல்கிறான். ஆனால் பாதிதான் சொல்கிறான். மரை எந்த மரை என்று சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது. முப்பது வருஷம் ஸ்பானர் பிடித்த மேஸ்திரிகளிலும் பலருக்குத் தெரியாது. மரை கழண்டவன் என்று நாம் ஆளைத் திட்டுகிறோமே, அந்த மரைக்குள் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது.

1841-ல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பவர் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டினார். அதுவரை அங்கே ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. ஒருவன் செய்த நட்டு இன்னொருவன் போல்ட்டில் ஏறாது. அவர் எல்லாவற்றையும் அளந்து, சராசரி எடுத்து, பள்ளத்தின் கோணம் 55 டிகிரி, இன்ன தடிமனுக்கு அங்குலத்துக்கு இத்தனை சுற்று என்று ஒரு அட்டவணை போட்டார். உலகத்தில் முதல் பொது மரை அதுதான். 1864-ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ், 55 டிகிரியை வெட்டுவதும் அளப்பதும் கஷ்டம் என்று சொல்லி 60 டிகிரியில் இன்னொரு அட்டவணை போட்டார். ஐரோப்பாக்காரர்கள் மில்லிமீட்டரில் மூன்றாவது வழி போனார்கள். இந்த மூவரின் பிடிவாதமும் கப்பலேறி வந்து கடைசியில் என் டப்பாக்களில் உட்கார்ந்தது.

திருச்சிக்கு விட்வொர்த் ரயிலோடு வந்தார் என்று சொல்லலாம். தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடம் நம் ஊர். நாகப்பட்டினத்தில் இருந்த அவர்களுடைய பட்டறை 1920களின் பிற்பகுதியில் பொன்மலைக்கு மாறியது. எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் பொன்மலை ஸ்டோர்ஸில் ஓய்வு பெற்று, எங்கள் நிறுவனத்துக்கு வந்து உட்கார்ந்த பெரியவர். வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை, காதில் பென்சில். ரயில்வேயில் ஆணிக்கும் நம்பர் உண்டு, டப்பாவுக்கும் அட்டை உண்டு. வரவு, பற்று, மீதி, கையெழுத்து. அதே பழக்கத்தை அப்படியே எங்கள் அலமாரிக்குக் கொண்டுவந்தார். "அட்டையில ஏறாம ஆணி வெளிய போகக் கூடாது" என்பார். முதல் ஆறு மாதம் எனக்கு அவர் ஒரு முசுடாகத்தான் தெரிந்தார்.

மோட்டார் உலகம் ரயில்வேயைவிட இளையது, ஒழுங்கும் கொஞ்சம் குறைவு. நம் பக்கத்தில் அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார். மதுரையை மையமாக வைத்து பஸ் விட்டு, பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளையும் அவற்றின் உதிரி பாகங்களையும் விற்றார். அவர் 1955-ல் காலமானார். நம் ஊர் டி.வி.எஸ். டோல்கேட் என்ற பெயரை தினமும் கண்டக்டர் கூவுவதைக் கேட்டும் அது எதன் பெயர் என்று யோசிக்காதவர்கள் நிறைய. அந்தக் காலத்து ரோட்டில் மாட்டு லாட ஆணிகள் விழுந்து கிடந்து பஸ் டயரைப் பதம் பார்க்குமாம். அதற்காக அவர் காந்தம் கட்டிய வண்டியை ரோட்டில் ஓட்டி ஆணி பொறுக்க வைத்தார் என்று பெரியவர் சொல்வார். அவர் கேட்டதை அவர் சொன்னார், நான் கேட்டதை நான் சொல்கிறேன். ஒரு சின்ன ஆணி ஒரு பஸ்ஸை நிறுத்தும் என்று முதலாளிக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

நான் சேர்ந்தபோது எங்கள் வொர்க்‌ஷாப்புக்கு வந்த வண்டிகளைச் சொல்கிறேன், பெரியவர்களுக்கு அந்த வாசனையே வந்துவிடும். லேலண்ட் லாரி, பஸ். அவை பிரிட்டிஷ் வழி. சண்டைக் காலத்து மிச்சமாக ஒன்றிரண்டு செவர்லே. அது அமெரிக்க வழி. 1954 முதல் ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்த டாடா மெர்சிடஸ் பென்ஸ், ஜெர்மன் மில்லிமீட்டர். ஃபியட், இத்தாலிய மில்லிமீட்டர். அம்பாசடர் ஒரு தனிக் கதை. அது மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மறு அவதாரம் என்பது உங்களுக்குத் தெரியும். அதன் மரை 'ஐக்கிய மரை'. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரே பக்கம் நின்று சண்டை போட்டன. ஆனால் ஒருவன் பீரங்கிக்கு இன்னொருவன் நட்டு சேரவில்லை. பட்டபாட்டுக்குப் பிறகு 1948 நவம்பர் 18-ம் தேதி வாஷிங்டனில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூவரும் உட்கார்ந்து, 60 டிகிரியில் ஒரே மரை என்று கையெழுத்துப் போட்டார்கள். அந்த உடன்படிக்கைதான் அம்பாசடர் வழியாக எங்கள் கவுண்டர் வரை வந்தது.

இவை எல்லாவற்றையும்விட வேடிக்கை பழைய ஹிந்துஸ்தான் டென். அதன் என்ஜின் மாரிஸ் டென் என்ஜின். மாரிஸ் கம்பெனி 1923-ல் கவன்ட்ரியில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு கம்பெனியின் தொழிற்சாலையை வாங்கியது. அங்கிருந்த இயந்திரங்கள் பிரெஞ்சு மில்லிமீட்டர் மரை வெட்டுபவை. இயந்திரத்தை மாற்றச் செலவு. ஆனால் இங்கிலாந்து மெக்கானிக்கிடம் இருப்பது விட்வொர்த் ஸ்பானர். என்ன செய்தார்கள் தெரியுமா? மரையை மில்லிமீட்டரில் வெட்டி, தலையை மட்டும் விட்வொர்த் அளவில் வைத்துவிட்டார்கள். பார்க்க இங்கிலீஷ், உள்ளே பிரெஞ்சு. செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து அப்படி ஒரு வண்டி வந்தால் பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து தானே போய்ப் பார்ப்பார்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1977 நவம்பர் வெள்ளம் கற்றுக் கொடுத்தது. அந்தப் புயல் மழையைத் திருச்சிக்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. எங்கள் ஸ்டோருக்குள் இடுப்பளவு தண்ணீர். கனமான சாமான் கீழ்த்தட்டில் என்பது எல்லா ஸ்டோருக்கும் பொது விதி. போல்ட் டப்பா எல்லாம் கீழ்த்தட்டில்தான் இருந்தது. தண்ணீர் வடிந்தபோது சேற்றுக்குள் நானூறு டப்பாவின் சாமானும் ஒன்றாகக் கிடந்தது. அட்டைகள் கூழாகிவிட்டன. மண்ணெண்ணெயில் கழுவி, சாக்கில் பரப்பி, தலைக்கு மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, பெரியவரும் நானும் இன்னும் இரண்டு பேரும் பிரித்தோம். தை பிறக்கும் வரை அதே வேலை.

கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே ஜாதி. கால் அங்குலத்தில் விட்வொர்த்துக்கும் அமெரிக்க மரைக்கும் அங்குலத்துக்கு 20 சுற்று. மூணு நூலில் இரண்டுக்கும் 16. ஒன்றின் நட்டு இன்னொன்றில் ஏறிவிடும், கோணம் வேறு என்பதால் முழுப் பிடிப்பு இருக்காது. அரை அங்குலத்தில் மட்டும் விட்வொர்த்துக்கு 12, அமெரிக்காவுக்கு 13. இரண்டு சுற்று ஏறி அப்படியே கடித்துக்கொண்டு நின்றுவிடும். "ஏறாத நட்டால ஆபத்தில்ல. ஏறிட்டுப் பிடிக்காத நட்டுதான் ஆளைக் கொல்லும்" என்றார் பெரியவர். பிட்ச் கேஜ் என்று ஒரு கருவி உண்டு, பேனாக்கத்தி மாதிரி விரியும், ஒவ்வொரு தகட்டிலும் ரம்பப்பல். அதை மரையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், வெளிச்சம் கசியாமல் உட்கார்ந்தால் அந்த மரை. ஆயிரக்கணக்கான தடவை அப்படிப் பிடித்திருக்கிறேன். முடிந்தபோது எதிலும் சேராத ஒரு கைப்பிடி போல்ட் மிஞ்சியது. ஹிந்துஸ்தான் டென்னுடையவை. அவைதான் ஹார்லிக்ஸ் பாட்டிலின் அடியில் இருப்பவை.

வெள்ளத்துக்குப் பிறகு நிர்வாகம் புது முறைகளைக் கொண்டுவந்தது. சென்னையிலிருந்து ஒரு இளைஞர் வந்து ஏ.பி.சி. பகுப்பாய்வு சொல்லிக் கொடுத்தார். 1951-ல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ஃபோர்டு டிக்கி என்பவர் எழுதிப் பரப்பிய முறை அது. சில்லறையைத் துரத்தாதே, டாலரைக் குறிவை என்பதுதான் அதன் சாரம். விலை உயர்ந்த கொஞ்சம் சாமான் ஏ வகுப்பு, தினமும் கண்காணி. மலிவான ஏராளம் சாமான் சி வகுப்பு, மொத்தமாக வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடு. கணக்கு சரிதான். ஒரு ரூபாய் போல்ட்டுக்கு ஒன்பது கையெழுத்து வாங்குவது அபத்தம் என்று எனக்கும் அப்போது பட்டது. பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, ஸ்டியரிங் காட்டர் பின் எந்த வகுப்பு?" அது பத்து பைசா. சி வகுப்பு. அது இல்லாமல் பஸ் வெளியே போக முடியாது. பழையதை நிமிர்த்திப் போட்டு அனுப்பினால் அதைவிட மோசம். அந்த இளைஞரும் புத்திசாலிதான். அதற்கும் ஒரு முறை இருக்கிறது, உயிரானது, தேவையானது, இருந்தால் நல்லது என்று மூன்றாகப் பிரிக்கலாம் என்றார். இரண்டையும் சேர்த்து ஒரு பட்டியல் போட்டோம்.

நடைமுறைக்கு வந்தது என்னவோ இரண்டு பை முறைதான். ஒரு டப்பாவின் அடியில் ஒரு துணிப்பையில் இரண்டு வாரத்துக்கான சாமானைக் கட்டி, சீட்டு வைத்துவிடுவோம். மேலே கொட்டியிருப்பது தீர்ந்து பையை அவிழ்க்கும் அன்றே, அந்தச் சீட்டு கொள்முதல் மேசைக்குப் போய்விடும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்து பார்சல் லாரியில் சரக்கு வந்துசேர நாலைந்து நாள், பண்டிகை என்றால் பத்து நாள். பைக்குள் இருப்பது அதற்குக் காணும். எண்ண வேண்டாம், எழுத வேண்டாம். எண்ண வேண்டிய இடத்தில் எடை போட்டோம். நூறு போல்ட்டை ஒரு தடவை நிறுத்துக் குறித்து வைத்தால் பிறகு தராசு எண்ணிக் கொடுக்கும். ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் உருளை உருளையாக நிற்கும் நெல் கொட்டாரத்தைப் பார்க்கும்போதெல்லாம், இதைப் பார்த்துக்கொண்டவனும் நம்ம ஆள்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

நாடு மெட்ரிக்குக்கு மாறும் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. அடுத்த வருஷம் நயா பைசா, அதற்கடுத்த வருஷம் கிலோ. போல்ட் மட்டும் மெதுவாகத்தான் மாறியது. ஓடுகிற வண்டி ஓடுகிற வரை அதன் மரை சாகாது. சென்னை பாடியில் சுந்தரம் பாஸ்டனர்ஸ் 1966-ல் உற்பத்தி தொடங்கியது. அதன் பிறகு தலையில் 8.8, 10.9 என்று பொறித்த போல்ட்டுகள் நிறைய வர ஆரம்பித்தன. 8.8 என்பது விலை அல்ல, வலிமை. முதல் 8 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ பாரம் தாங்கும். அடுத்த 8 என்றால் அதில் 80 சதவீதம் வரை நீண்டாலும் பழையபடி சுருங்கிவிடும். அமெரிக்க வழியில் தலையில் மூன்று கோடு, ஆறு கோடு. இந்தக் குறி தெரியாமல் கிரில் கேட்டுக்குப் போடும் போல்ட்டை வண்டிக்குப் போட்டவர்கள் உண்டு. பிற்காலத்தில் அதே சுந்தரம் பாஸ்டனர்ஸ் ஜெனரல் மோட்டார்ஸின் ரேடியேட்டர் மூடி செய்யும் இயந்திரங்களை வாங்கி வந்து, இங்கே செய்து அவர்களுக்கே அனுப்பியது என்று படித்தபோது பெரியவர் இல்லாமல் போய்விட்டாரே என்று இருந்தது.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. மற்ற ஜப்பானியக் கூட்டு வண்டிகளும் வரிசையாக வந்தன. மெக்கானிக்குகள் நூலை மறந்து, ஸ்பானர் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். "சார், 14 நம்பர் போல்ட்டு" என்றால் 14-ம் நம்பர் ஸ்பானர் பிடிக்கும் போல்ட். இங்கேதான் சனி புகுந்தது. ஜெர்மன் வழியில் 10 மில்லிமீட்டர் போல்ட்டின் தலை 17. ஜப்பான் வழியில் அதே 10 மில்லிமீட்டருக்குத் தலை 14. எட்டு மில்லிமீட்டருக்கு அங்கே 13, இங்கே 12. தலை மட்டுமா? ஜெர்மன் வழி 10 மில்லிமீட்டரில் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. ஜப்பான் கார்களில் பெரும்பாலும் ஒன்றேகால். கையில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஹாட்ச்கிஸ் கதை மறுபடியும் வந்துவிட்டது என்று சொல்லப் பெரியவர் இல்லை.

எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்த இடத்துக்கு வந்துவிட்டேன்.

1988 மார்ச் 31. வருஷக் கடைசி ஸ்டாக் எடுப்பு. டப்பா டப்பாவாகக் கொட்டி, எடை போட்டு, திருப்பிக் கொட்டும் வேலை. எனக்கு உதவியாக ஒரு பையன், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். இரவு பத்து மணிக்கு மேல் அவன் இரண்டு டப்பாவின் சாமானை ஒன்றாகத் திருப்பிக் கொட்டிவிட்டான். இரண்டு டப்பாவிலும் '10 மி.மீ. × 30' என்று ஒரே மாதிரி எழுதியிருந்தது. அதை எழுதியது நான். பழைய டப்பாவுக்கு எழுதியபோது ஒரே ஒரு மரைதான் இருந்தது, பிட்ச் எழுதத் தேவைப்படவில்லை. புது டப்பா வந்தபோது பழையதைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன். தலை அளவு வேறாயிற்றே என்று கேட்பீர்கள். இடையில் ஒரு சப்ளையர் 14 தலையோடு ஒன்றரை பிட்ச்சில் ஒரு தவணை அனுப்பியிருந்தார். அதையும் பிரித்துப் பார்க்காமல் நான்தான் வாங்கி வைத்தேன்.

ஏப்ரலில் அந்தக் கலவையிலிருந்து ஒன்று ஒரு காரின் கியர்பாக்ஸ் ஹவுசிங்குக்குப் போனது. அலுமினியம். இரண்டு சுற்றில் இறுகியிருக்கும். மெக்கானிக் ஸ்பானருக்குப் பைப் மாட்டி முறுக்கி ஏற்றிவிட்டான். போல்ட் எஃகு, அலுமினியம் வழிவிட்டது. மூன்று வாரம் வண்டி ஓடியது. பிறகு விராலிமலைக்குப் பக்கத்தில் போல்ட் கழண்டு, மவுண்டிங் தொங்கி, வண்டி நின்றது. ஓட்டிப்போனவர் ஒரு பள்ளி ஆசிரியர். மதுரையில் அவருடைய அண்ணன் தவறிவிட்டார், அதற்காகப் போய்க்கொண்டிருந்தார். பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அவர் கவுண்டருக்கு வந்தார். சத்தம் போடவில்லை. கைக்குட்டையில் சுற்றியிருந்த போல்ட்டை மேசைமேல் வைத்து, "இது சரியான போல்ட்தானா, பார்த்துச் சொல்லுங்க" என்றார். மரைப் பள்ளம் முழுவதும் அலுமினியப் பொடி அடைத்திருந்தது. பிட்ச் கேஜை எடுக்க வேண்டியே இருக்கவில்லை. "இல்லை சார்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஹவுசிங்கை நிறுவனம் இலவசமாக மாற்றிக் கொடுத்தது. விசாரணை நடந்தது. டப்பாவைக் கலந்தது யார் என்று கேட்டார்கள். பையன் "நான்தான்" என்றான். லேபிளில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு அப்போது இரண்டு பெண் குழந்தைகள், மேற்பார்வையாளர் பதவி வரும் என்று பேச்சு. மே மாதச் சம்பளத்தோடு அவனைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். பதவி எனக்கு அடுத்த வருஷம் வந்தது.

அந்த ஜூனில் நானூறு டப்பாவுக்கும் நானே உட்கார்ந்து புது லேபிள் எழுதினேன். விட்டம், பிட்ச், நீளம், வலிமை எண், எந்த வண்டி என்று ஐந்தும். ஒவ்வொரு டப்பாவின் முகப்பிலும் அதே போல்ட் ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன், சந்தேகம் இருந்தால் மரையோடு மரை வைத்துப் பார்த்துக்கொள்ள. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்து, பார்ட் நம்பர் அடித்தால் மீதி தெரியும்படி ஆனது. நல்ல வசதி. ஆனால் தவறான பையிலிருந்து எடுத்தாலும் கம்ப்யூட்டர் மீதியைச் சரியாகத்தான் கழிக்கும். பழைய விட்வொர்த், பிரிட்டிஷ் சரக்கையெல்லாம் நகராத சாமான் என்று எடைக்குப் போட்டார்கள். அதிலிருந்து எடுத்தவைதான் ஹார்லிக்ஸ் பாட்டிலில் மேலாக இருப்பவை.

விராலிமலை போல்ட்டும் அதற்குள்தான் இருக்கிறது. அலுமினியப் பொடியை நான் சுரண்டவில்லை.

பையனின் விலாசம் சம்பளப் பதிவேட்டில் இருந்தது. துவாக்குடிப் பக்கம். அங்கே பி.எச்.இ.எல்.லை ஒட்டிச் சின்னப் பட்டறைகள் நிறைய, எதிலாவது சேர்ந்திருப்பான் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று விலாசத்தைத் துண்டுச் சீட்டில் எழுதியும் வைத்தேன். போகவில்லை. இப்போது அவனுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும்.